ஒரு விரல் மட்டும்

கோலாலம்பூர்
12.10.1983

அன்பு அக்கா நல்லம்மாளுக்கு,

நலம் விசாரிப்பையெல்லாம் நேரில் வைத்துக்கொள்வோம். நம் தங்கை பாப்பாவுக்கு இருபத்தாறாம் தேதி ஆப்பரேஷன். நெஞ்சைத் திறந்து, இருதயத்தில் கெட்டுப்போன வால்வை மாற்றுவார்கள். மயக்க மருந்து மெஷின் பக்கத்தில் உதவியாளனாக நானும் நிற்பேன். டாக்டரிடம் சண்டை போட்டு வாங்கிய இடம்.

ஒரு விஷயம். தீபாவளி வருகிறது என்று அவளுக்கு மருதாணி வைத்துவிடாதே. துடிப்பும் ரத்த அழுத்தமும் திரையில் ஓடும். பிராணவாயு குறைகிறதா என்று நகத்தைப் பார்த்துத்தான் சொல்வோம். குறைந்தால் நீலம் பாயும். உதட்டைக் குழாயும் பிளாஸ்டரும் மறைத்திருக்கும். நகமும் சிவந்திருந்தால் ஆள் செத்தாலும் தெரியாது. விளையாட்டில்லை.

தம்பி,
ஜெயபாலன்

சிலிபின், ஈப்போ
20.10.1983

அன்புத் தம்பிக்கு அக்காவின் ஆசீர்வாதம்.

"ஆள் செத்தாலும்" என்று எழுதினாயே ராசா, கை கூசவில்லையா? அவளை வைத்துக்கொண்டே சத்தமாகப் படித்துத் தொலைத்துவிட்டேன். அவள் சிரிக்கிறாள். "தீபாவளிக்கு ஆஸ்பத்திரியில கிடக்கப் போறேன்லா. வெறுங்கையோடயா கிடப்பேன்? அண்ணனை மெஷினைப் பாக்கச் சொல்லுக்கா."

முதலில் நான் அம்மியைத் தொடவே இல்லை. மூச்சு வாங்க வாங்க அவளே அரைக்க உட்கார்ந்துவிட்டாள். பார்க்கப் பொறுக்காமல் நானே அரைத்து வைத்துவிட்டேன். வலது கைச் சுட்டுவிரலை மட்டும் மடக்கிக்கொண்டாள். "இது அண்ணனுக்கு. பாத்துக்கிட்டே இருக்கட்டும்லா" என்றாள்.

அவளைத் திட்டாதே. என்னைத் திட்டிக்கொள்.

அக்கா,
நல்லம்மாள்

சிலிபின்
20.11.1983

தம்பிக்கு,

பாப்பாவைக் கொண்டுவந்து சேர்த்தாய். காரியம் முடிந்ததும் பஸ் ஏறிவிட்டாய். நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை.

பக்கத்து வீட்டு வீரம்மா என் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டாள்: "தம்பிதான் வேணாம்னு எழுதிச்சே, அப்புறம் ஏன் வச்சே?" அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் வைத்த மருதாணியாலா போனாள்? ஆமாம் என்றால் ஆமாம் என்றே எழுது. உனக்குப் பூசி மெழுகத் தெரியாது. அதனால்தான் உன்னைக் கேட்கிறேன்.

நல்லம்மாள்

கோலாலம்பூர்
26.11.1983

அக்கா,

இல்லை.

மருதாணி ஒன்றும் செய்யவில்லை. புது வால்வு சரியாகத்தான் உட்கார்ந்தது. அதுவரை இருதயத்தின் வேலையை ஒரு மெஷின் பார்த்தது. அதை நிறுத்தினால் அவள் இருதயம் தானாக ஓட வேண்டும். நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள். ஓடவில்லை. ரப்பர் தோட்டத்தில் இருந்தபோது சின்ன வயதில் வந்த அந்தக் காய்ச்சல் வால்வோடு நிற்கவில்லை, தசையையும் தின்றிருந்தது. யார் கையிலும் தப்பில்லை. வீரம்மாவிடம் இதைக் காட்டு. படிக்கத் தெரியாவிட்டால் படித்துக் காட்டு.

உள்ளே நடந்தது இவ்வளவுதான். இன்னும் கொஞ்சம் இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன்.

அவள் வலது கை என் பக்கம் இருந்தது. அந்த விரலை நான் விடவே இல்லை. திரையில் கோடு இன்னும் ஓடிக்கொண்டிருந்தபோதே அது நீலம் பாய்ந்துவிட்டது. டாக்டர் வாய் திறப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்து விரல்கள், எல்லாம் முடிந்து துணி போர்த்தும்போதும், தீபாவளிக்குக் கிளம்பியவள் விரல்கள் மாதிரி சிவந்திருந்தன.

மருதாணி வேண்டாம் என்று நான் கேட்டிருக்கக் கூடாது. அந்த ஒரு விரலுக்கும் நீ வைத்திருக்கலாம் அக்கா.

ஜெயபாலன்