கல்பனா கட்டிய மோட்டார்

செலியமேடு
ஜூன் 9

அன்பு மகள் யாமினிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், புனேயில் நீயும் அப்படியே இருக்க வேண்டிக்கொள்கிறேன். அம்மாவுக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது, தெருவில் இரண்டு நாளாகக் குடிதண்ணீர் சரியாக வருகிறது. தினமும் போனில் பேசுகிறவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய், உன் குரலைக் கேட்டுக்கொண்டே இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. போன மாதம் நம் கரும்புக்கொல்லை மோட்டார் எரிந்ததற்குக் உன் சிநேகிதி கல்பனா உள்ளே செம்புக்கம்பிக் காயில் கட்டிய லட்சணம்தான் காரணம் என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா, அது பொய்யம்மா. எரித்தவன் நான்.

அன்று கரும்பு வாடிக்கொண்டிருந்தது, கரண்ட்டில் மூன்று பேஸில் ஒன்று வரவில்லை. அப்படி ஒன்று போனால் மோட்டாரை ஓடவிடாமல் நிறுத்துவதற்குக் கல்பனா ஸ்டார்ட்டர் பெட்டியில் ஒரு பிரிவென்டர் மாட்டியிருந்தாள், அதில் கை வைக்கக் கூடாதென்று இரண்டு தரம் சொல்லியும் இருந்தாள். நான் அதைக் கழற்றிவிட்டு ஒயரை நேராகக் கொடுத்தேன். மோட்டார் சுற்றாமல் முனகியது. பம்பு பெல்ட்டைக் கையால் இழுத்துவிட்டேன், ஓட ஆரம்பித்தது. தண்ணீர் விழுந்ததும் பெரிய கெட்டிக்காரன் என்ற நினைப்பில் டீ குடிக்கப் போனேன், திரும்பி வந்தால் கொட்டகை முழுக்கப் புகை. யாரும் வருவதற்குள் பிரிவென்டரைப் பழையபடி மாட்டிவைத்தேன், அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. மறுநாள் பாகூரில் கல்பனா கடைக்குப் போய், வந்திருந்தவர்கள் எதிரில், "பொம்பள கட்டுன மோட்டாரு, ரெண்டு மாசங்கூடத் தாங்கல பாரு" என்று கத்தினேன். அவள், "பேஸ் எதுனா போயிருந்துச்சாப்பா?" என்று மட்டும் கேட்டாள். இல்லவே இல்லை என்றேன். நான் போட்ட சத்தத்தில் அங்கே வேலைக்குக் கொடுத்திருந்த பலராமன் தன் மோட்டாரையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார். உன்னிடமும் அதையே சொன்னேன், நீ கோபத்தில் அவளுக்கு என்னவோ மெசேஜ் அனுப்பினாய், ஐ.டி.ஐ.யில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த இரண்டு பேருக்கும் அத்தோடு பேச்சு நின்றது.

மோட்டாரை வில்லியனூரில் சிவப்பிரகாசம் என்ற மெக்கானிக்கிடம் இறக்கினேன். அவர் மூடியைத் திறந்து என்னையும் பார்க்கச் சொன்னார். இரண்டு பேஸின் காயில் கரியாகிக் கிடந்தது, மூன்றாவது புதுசாக மின்னியது. "ரெண்டு பேஸ்ல ஓட்டிக்கிறீங்க. மூணும் ஒண்ணு பின்னால ஒண்ணா வந்தாதான் உள்ள காந்தம் சுத்தும், அத்தத் தொரத்திக்கினு நடுவுல இருக்குற ரோட்டர் ஓடும். ஒண்ணு பூட்டா காந்தம் சுத்தாது, முன்னும் பின்னும் ஆடும், மோட்டாருக்கு எந்தப் பக்கம் போறதுன்னே தெரியாது. கையால தள்ளிவுட்டா ஓடும்தான். ஆனா மூணு பேஸ் இழுக்குற பளுவ ரெண்டே இழுத்து வெந்து பூடும்" என்றார். அப்புறம் அந்த நல்ல காயிலைத் தடவிப் பார்த்து, "யாரு கட்னது இது? கை சுத்தமா இருக்கே" என்றார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அங்கிருந்து நேராகப் பாகூர் போனேன். கடையில் நாலு பேர் இருந்தார்கள், அவர்கள் எதிரிலேயே நடந்ததைச் சொன்னேன். பலராமன் வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டேன். இனிமேல் நீயே கட்டிக்கொடம்மா என்று கல்பனாவைக் கேட்டதற்கு, "வில்லியனூர்ல எறக்கிட்டீங்க இல்ல, அங்கியே கட்டிக்கினு போங்க" என்றாள். நான் வண்டியை எடுக்கும்போது வெளியே வந்து, "கடையில கத்துனதுகூடப் போவுதுப்பா, யாமினியும் நம்பிட்டாளே" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. உன்னிடம் நான்தான் சொல்ல வேண்டும், தான் சொல்லப்போவதில்லை என்றும் சொன்னாள்.

எனக்கு அறுபத்திரண்டு வயதாகிறது, பெற்ற மகளுக்கு இப்படி எழுதவேண்டி வந்தது. எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், அவள் எழுந்து உள்ளே போனாள். நேரத்துக்குச் சாப்பிடு, மழையில் நனையாதே. எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். இதைப் படித்ததும் எனக்குப் போன் செய்யாதே, முதலில் கல்பனாவுக்குச் செய். என்னோடு பேசத் தோன்றும்போது பேசினால் போதும்.

உன் அப்பா,
தெய்வசிகாமணி