கொட்டகை ஓரத்துப் பித்தளை

லௌத், லிங்கன்ஷயர்
மார்ச் 14

அன்பு மகள் ஹேசலுக்கு,

அம்மா எழுதுகிறேன். பெர்த்தில் நீயும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. என் இரண்டாம் வீட்டுக்காரர் நார்மனுக்குத்தான் தலையில் ஏழு தையல், இரண்டு விரல் முறிவு. அடித்தது நான்.

பஸ் ஓட்டுவதிலிருந்து ஓய்வு பெற்றது முதல் மனுஷன் என் காலையே சுற்றிக்கொண்டு கிடந்தார். தொல்லை தாங்காமல், வயலில் புதைந்த நாணயம் தேடுகிற மெட்டல் டிடெக்டர் ஒன்றை நானே வாங்கிக் கொடுத்தேன். வினையை விலை கொடுத்து வாங்கியிருக்கிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் பிறர் வயலில் கால் வைக்கும் முன், சொந்தத் தோட்டத்தில் நாணயங்களைப் புதைத்து, எது எப்படிச் சத்தம் போடும் என்று காதைப் பழக்க வேண்டுமாம். நார்மன் ஒரு பழைய பென்னி, வெள்ளி ஆறு பென்ஸ், என் ஒற்றைக் காதணி, ஒரு பீர் மூடி, நான்கையும் புதைத்தார். எது எங்கே, எத்தனை அங்குலம் என்று படம் வரைந்து பிரிட்ஜில் ஒட்டினார். திங்கட்கிழமை தானே புதைத்த பென்னியைப் புதன்கிழமை கண்டுபிடித்துவிட்டுக் குதிக்கிற ஆளை நீ பார்த்திருக்க மாட்டாய்.

போன சனிக்கிழமை நிலக்கரிக் கொட்டகை ஓரம் போனார். "பெரில், ஓடி வாயேன்! படத்துல இல்லாதது ஒண்ணு கத்துது!" என்று கூவினார். ஒரு சாண் ஆழத்தில் கிடைத்துவிட்டது. ஒரு முழமாவது தோண்டியிருப்போம் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அன்று நாம் இருவரும் புதைத்த அவசரத்தில் அளவு எங்கே தெரிந்தது?

பெல்ட்டின் தோல் மக்கிப்போய்விட்டது. பித்தளை பக்கிள் அப்படியே இருக்கிறது. உன் அப்பா அந்த ஞாயிற்றுக்கிழமையும், இறைச்சிச் சாறு நீர்த்துவிட்டது என்று, பெல்ட்டை இரண்டாக மடித்து உள்ளங்கையில் இரண்டு முறை தட்டினார். அப்புறம் பக்கிள் என் காதைக் கிழித்தது. உனக்குப் பதினாறு வயது. கரி அள்ளும் மண்வெட்டியால் அவர் முழங்காலை உடைத்தாய். விழுந்ததும் அதே பெல்ட்டைப் பிடுங்கி, பல் தெறிக்கும்வரை விளாசினாய். நான் தடுக்கவில்லை. கதவைத் தாழிட்டுவிட்டு நின்றேன். அவர் தவழ்ந்து வெளியேறி, எட்டு வருஷம் கழித்து ஹல் நகரத்தில் படுக்கையில் செத்தார். பெல்ட்டைப் புதைத்த மண்ணில் கை வைத்து, யாரிடமும் சொல்வதில்லை என்று நாம் சத்தியம் செய்தோம்.

நார்மனுக்கு என்ன தெரியும், பாவம்? "பட்டாளத்துக்காரன் பெல்ட்டு, நூறு வருஷம் இருக்கும்டி" என்று பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துப் பளபளப்பாக்கினார். செவ்வாய்க்கிழமை சந்தையில் புதுத் தோல் வாங்கி மாட்டினார். நான் பன்றி இறைச்சி வறுத்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து, பெல்ட்டை மடித்து, உள்ளங்கையில் இரண்டு தட்டு. "தளபதி வந்திருக்கேன், சாப்பாடு எங்க?" என்று சிரித்தார்.

திரும்பிய வேகத்தில் இரும்புச் சட்டியால் அடித்தேன். கொதிக்கும் கொழுப்பு அவர் கழுத்தில் வழிந்தது. மறைக்க வந்த விரல்கள் முறிந்த சத்தம் கேட்டது. முதல் அடி பயத்தில் விழுந்தது. அடுத்த இரண்டும் பயத்தில் இல்லை, ஹேசல். உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன்.

ஆஸ்பத்திரியில் என்னை வெளியே அனுப்பிவிட்டு நர்ஸ் அவரிடம் விசாரித்தார். திரைக்கு அப்பால் அவர் குரல் கேட்டது: "பின்வாசப் படியில வழுக்கிட்டேம்மா. வயசாயிடுச்சுல்ல."

அதே படிதான். பதினாறு வருஷம் நான் வழுக்கி விழுந்ததாகச் சொன்ன படி.

இன்று காலை பக்கிளை மேஜையில் வைத்தார். ஏன் அடித்தாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "இதை மறுபடி பொதைச்சிடறேன். மெஷினுக்குக் கேக்காம இருக்க எவ்வளவு ஆழம் வேணும்னு மட்டும் சொல்லு" என்றார். நான் கஞ்சி பரிமாறக் கரண்டியைத் தூக்கினேன். அவர் தலையைச் சட்டென்று ஒதுக்கிக்கொண்டார். ஒதுக்கியது அவருக்கே தெரியவில்லை. எனக்கு அந்த அசைவு நன்றாகத் தெரியும். உனக்கும் தெரியும்.

அந்தச் சத்தியத்தில் பாதி உன்னுடையது. அவரிடம் சொல்லிவிடட்டுமா? சரி என்று ஒரு வரி எழுது, கண்ணே, போதும். உன் பிள்ளைகள் எவர் கை உயர்ந்தாலும் தலையை ஒதுக்காமல் வளரட்டும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அம்மா பெரில்