நான், நான்னா

பாப்பாவின் அப்பாவுக்கு,

போனில் சொன்னால் வேறு பேச்சில் போய் முடியும் என்று எழுதுகிறேன். எழுதவும் உட்கார முடியவில்லை. மூன்று முறை எழுந்துபோய் அடுப்பை அணைத்தேனா என்று பார்த்தேன். இன்று அடுப்பே பற்றவைக்கவில்லை.

ஹம்ஸினியின் பள்ளியில் ஓவியக் கண்காட்சி. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை பென்சிலால் வரைய, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை வண்ணம் தீட்டி முடிக்க வேண்டும். இவளுக்கு ஜோடி ஸ்ரவந்தி என்ற தெலுங்குப் பெண். எங்கள் சனத்நகர் பால்கனியில், சரி, நம் பால்கனியில், இரண்டு பேர் நிற்பதாக இவள் வரைந்திருக்கிறாள். யார் யார் என்று ஸ்ரவந்தி கேட்க, "அம்மா, நான்" என்றிருக்கிறாள். அந்தப் பெண்ணின் காதில் அது "நான்னா" என்று விழுந்திருக்கிறது. தெலுங்கில் அப்பா! குட்டையாக நின்ற உருவத்துக்குக் காலை நீட்டி, பேண்ட் போட்டு, மீசையும் வைத்துவிட்டாள்.

தப்பு தெரிந்ததும் அழுதேவிட்டாளாம். மேலே வேறு வண்ணம் பூசித் தருகிறேன் என்றாளாம். நம்முடையது, வேண்டாம் என்பதை ஹைதராபாத் பாஷையில் "நக்கோ, நக்கோ" என்று சொல்லிப் படத்தை மறைத்துக்கொண்டு நின்றதாம்.

நீங்கள் கோவைக்குப் போனது வேலைக்காக என்றுதான் பக்கத்து வீட்டில் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எட்டு மாதமாகிறது. அது கிடக்கட்டும்.

சாயங்காலம் கூட்டிவரப் போனபோது அவளிடம் கேட்டேன், "அப்போ படத்துல நீ எங்கடி?"

"நடுவுல வரைஞ்சுக்கறேன். இப்ப தொடாதம்மா, அப்பா ஈரமா இருக்காரு, கலைஞ்சிடுவாரு."

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கண்காட்சி. மீசை கட்டாயமில்லை.

இப்படிக்கு,
படத்தில் பக்கத்தில் நிற்பவள்