இறந்தவர் பெயரால் அளந்த நெய்

நலம் நிறைக. முகிலிநாட்டுக்கும் அதன் நாற்பது ஊர்களுக்கும் உரியவளும், வேங்கைநகர் அரியணையில் பதினாறாம் ஆண்டு வீற்றிருப்பவளுமாகிய அரசி வானமங்கை, கீழைமண்டலத்து அதிபதியும் ஆழித்துறைக் கோட்டையை உடையவருமாகிய வேளான் எழிற்கோவுக்கு விடுக்கும் ஓலை. உம்முடைய துறைக்கு வரும் மரக்கலங்கள் பழுதின்றிக் கரை சேர்க. உம்முடைய உப்பளங்கள் குறைவின்றி விளைக. உம்முடைய குடிகள் நோயின்றி வாழ்க. நோய் வந்தாலோ, படுக்கப் பாயும் குடிக்கப் பாலும் அவர்களுக்குத் தட்டாமல் கிடைக்க. கடைசி வாழ்த்தை நாம் வழக்கத்துக்காக எழுதவில்லை. இந்த ஓலை முழுதும் அதைப் பற்றியதே.

எழுதுவோனை வெளியே அனுப்பிவிட்டு இதை நம் கையாலேயே எழுதுகிறோம். நீரும் முதலில் தனியே படியும். மண்டலாதிபதி ஆவதற்கு முன்பே நீர் நம் உடன்பிறந்த தம்பி என்பதால் இந்த ஒரு சலுகை. இதற்கு மேல் சலுகை இல்லை.

நம் தந்தையார் ஆழித்துறையில் ஏழை நோயாளர்க்கு மருந்தும் உணவும் விலையின்றி வழங்கும் ஆதுலர்சாலையை நிறுவியபோது, அது அரசன் பொருளால் மட்டும் நடக்கலாகாது, ஊரார் கொடையாலும் நடக்கவேண்டும் என்று எண்ணினார். செக்காட்டுவோர் எண்ணெய் தந்தனர். உப்பளத்தார் நெல் வாங்கித் தந்தனர். கணவனை இழந்த ஒருத்தி தன்னிடமிருந்த இரண்டு பசுக்களையும் ஓட்டி வந்து கட்டிவிட்டுப் போனாள். கொடுத்தவர் காதில் செலவும் விழவேண்டும் என்பதற்காக, முழுமதி நாள் பிற்பகலில் சாலையின் கணக்கை மன்றத்தில் உரக்கப் படிக்கும் முறையை வைத்தார். படித்து முடிந்ததும் கூடியிருப்போர் ஒரே குரலில் “கேட்டோம்” என்பார்கள். அத்துடன் கணக்கு நிலைபெறும், பிறகு அதை எவரும் கிளறலாகாது. கள் குடித்தவர் சிலர் நடுவே கூச்சலிட்டு மன்றத்தைக் கலைத்த காலம் ஒன்று இருந்தபடியால், கணக்கின் நடுவே குரல் எழுப்புவோர் ஏழாண்டு நாடு நீங்கவேண்டும் என்றும் விதித்தார். நல்ல எண்ணத்தோடு செய்த விதிதான். அதற்குள்ளேயே திருடன் ஒருவன் சௌகரியமாக உட்காருவான் என்று அவருக்குத் தோன்றவில்லை. அவருக்குப் பின் வந்த நமக்கும் தோன்றவில்லை.

கணக்கன் விடங்கனை அந்த வேலைக்கு வைத்தவர் நீர். அவன் குரல் நல்ல குரல், அதை மறுக்கமாட்டோம். அவன் கணக்கைப் படிக்கவில்லை, பண்ணோடு பாடினான். நான்கு ஆண்டுகளாக ஆழித்துறையார் முழுமதி வந்தால் சந்தனம் பூசிக்கொண்டு கணக்குக் கேட்க வந்தார்கள்; கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார்கள்; எத்தனை நாழி நெய், யாருக்குக் கொடுத்தது என்பதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. ஊராரை மட்டும் குறை சொல்லி நாம் தப்பிக்கப் போவதில்லை. சென்ற தை மாதம் நாமும் அந்த மன்றத்தில் இருந்தோம். “பால் முந்நூற்று இருபது நாழி” என்று அவன் குரலை ஏற்றி இழுத்து இறக்கியபோது நம் கண்ணிலும் நீர் வந்தது. பால் கணக்குக்கு அழுத அரசி இந்த உலகத்தில் நாம் ஒருத்தியாகத்தான் இருப்போம். அழுததோடு நில்லாமல் அவனுக்குப் பொற்காப்பும் அணிவித்தோம். வெட்கக்கேடு.

சென்ற முழுமதியன்று நடந்ததை நீர் உம்முடைய ஓலையில் இரண்டே வரியில் எழுதினீர்: பித்துப்பிடித்த பணிப்பெண் ஒருத்தி மன்றத்தின் புனிதத்தைக் கெடுத்தாள், விதிப்படி சிறையில் உள்ளாள் என்று. அவளுக்குப் பெயர் உண்டு. பூவணத்தி. சாலையில் கஷாயம் காய்ச்சி, வேளைக்கு வேளை பாயருகே கொண்டுபோய்ப் புகட்டுகிறவள். பதின்மூன்று ஆண்டு வேலை. அவள் கணவனும் இடுப்புக்குக் கீழே உணர்விழந்து அதே சாலையில்தான் கிடக்கிறான். விடங்கன் பாடிக்கொண்டு போகையில், கயிறு திரிக்கும் அம்மைச்சிக்கு நாள்தோறும் பால் அரை நாழி, நெய் ஓர் ஆழாக்கு என்ற வரி வந்தது. அப்போது அவள் எழுந்தாள். அவள் சொன்னதைத் திருத்தாமல் எழுதுகிறோம்: “அந்த அம்மா செத்து நாலு மாசம் ஆச்சு. நான்தான் கண்ணை மூடி விட்டேன். செத்தவ எப்படி ஐயா பால் குடிச்சா?”

பித்துப்பிடித்தவள் பேச்சா இது? அந்த மன்றத்தில் தெளிந்த புத்தியோடு இருந்தவள் அவள் ஒருத்திதான். காவலர் அவளை இழுத்துச் சென்றார்கள். விடங்கன் விட்ட இடத்திலிருந்து மீதியைப் பாடினான். ஊரார் பயந்துபோய்த் தலையைக் குனிந்துகொண்டு “கேட்டோம்” என்றார்கள்.

ஆறாம் நாள் சாலையின் மருத்துவர் ஆதிச்சன் இங்கே வந்து சேர்ந்தார். அறுபது வயதுக்காரர், கால்நடையாக வந்தார். உம்முடைய வண்டிகளில் ஒன்றும் அவருக்குக் கிடைக்கவில்லையாம். நோயாளி ஒவ்வொருவருக்கும் தனித்தனி ஓலை வைத்து, என்ன நோய், என்ன மருந்து, எந்த நாள் குணமானான் அல்லது எந்த நாள் இறந்தான் என்று எழுதி வைப்பது அவர் பழக்கம். அந்தக் கட்டுகளைத் தோளில் சுமந்து வந்து நம் முன்னே அவிழ்த்தார். நம் கருவூலத்து ஆய்வாளர் இருவர் அவற்றை விடங்கன் கணக்கோடு வரி வரியாக ஒப்பிட்டார்கள். இறந்தவர் பதினோரு பேர் விடங்கன் கணக்கில் இன்னும் பாலும் நெய்யும் உண்டுகொண்டிருக்கிறார்கள். உயிரோடு இருந்த காச நோயாளி ஒருவனுக்கு, நெசவுத் தொழிலாளி அவன், நெய்க்கலம் காலி என்று சொல்லி இருபது நாள் வெறும் கஞ்சித்தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். அவன் இறந்தான். அடுத்த முழுமதியில் அவன் பெயரும் நெய்யோடு பாடப்பட்டது.

பூவணத்தியிடம், மன்றத்தில் தவறாகச் சொல்லிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் விட்டுவிடுவதாக நீர் ஆள் அனுப்பியதும் நமக்குத் தெரியும். அவள் மறுத்துவிட்டாள். சிறைக்கதவுக்கு வெளியே நின்று மருத்துவர் கெஞ்சியபோது அவள் சொன்னது இது: “நான் தப்புன்னு ஒத்துக்கிட்டா, நாளைக்கும் செத்தவங்க பேருல அளப்பாங்க. எம் புருசனை மட்டும் வேளைக்குப் பார்த்துக்கங்க ஐயா. நான் ஊரை விட்டுப் போறேன்.” வருகிற முழுமதி காலையில் அவளை எல்லைக்கு அப்பால் கொண்டுபோய் விடுவதாக உம்முடைய ஆணை. இன்று அதற்கு நான்கு நாள் இருக்கிறது. இந்த ஓலை உம்மை எட்ட இரண்டு நாள் ஆகும். நாம் எவ்வளவு அவசரமாக எழுதுகிறோம் என்பது எழுத்தைப் பார்த்தாலே தெரியும்.

இனி உமக்கும் நமக்கும் உள்ள பேச்சு. விடங்கனை நம் ஆய்வாளர் எட்டு நாள் முன்பு கையும் களவுமாகப் பிடித்தார்கள். அவன் அழுதான், பிறகு எல்லாவற்றையும் சொன்னான். நெய் உம்முடைய கோட்டை மடைப்பள்ளிக்குப் போனது என்றான். தன் குற்றத்தைப் பெரிய இடத்தின் தலையில் கட்டப் பார்க்கிறான் என்றே முதலில் எண்ணினோம். அப்படி எண்ண ஆசைப்பட்டோம். பிறகு பூவணத்தியைச் சிறைவைக்க நீர் காவலர்க்குத் தந்த ஓலையை வருவித்துப் பார்த்தோம். அவள் வாய் திறந்தது முழுமதி நாளில். உம்முடைய ஆணையில் உம் முத்திரையின் கீழே இட்டிருக்கும் நாள், முழுமதிக்கு முதல் நாள். அவள் முன்னதாகவே விடங்கனிடம் தனியே போய்க் கேட்டிருக்கிறாள். அவன் உம்மிடம் ஓடி வந்திருக்கிறான். அவள் மன்றத்தில் பேசினால் பிடிக்க நீர் ஓலையைத் தயாராக வைத்திருந்தீர். தெரியாமல் நடந்தது என்று மட்டும் நமக்கு எழுதாதேயும்.

தம்பி, உன் மகளின் காதணி விழாவுக்கு நூற்று நாற்பது நாழி நெய் போனதாக விடங்கன் சொல்கிறான். அந்த விருந்தில் உன் பக்கத்து இலையில் உட்கார்ந்து நாமும் உண்டோம். நெய் மணக்கிறதே, எந்த ஊர் நெய் என்று உன்னைக் கேட்டோம். நீ சிரித்தாய். உன் ஆணையில் அந்த நாளைப் பார்த்ததிலிருந்து இரண்டு நாளாக நமக்குச் சோறு இறங்கவில்லை. உன்மேல் உள்ள கோபத்தைவிட, உனக்கு இப்படி எழுத நேர்ந்த துக்கம் பெரிதாக இருக்கிறது. அது நம் துக்கம். அதனால் ஆணையில் ஓர் எழுத்தும் குறையாது.

ஆதலால் ஆணையிடுகிறோம். இந்த ஓலை கண்டவுடன் பூவணத்தியின் சிறைக்கதவை ஆளனுப்பாமல் நீரே போய்த் திறக்க. ஒருவேளை அவளை முன்னதாகவே எல்லை கடத்தியிருந்தால், எந்த ஊரில் இருந்தாலும் நீரே தேடிப் போய் அழைத்து வருக. அவள் சாலைக்குத் திரும்பும்வரை உமக்கு ஆழித்துறையில் இருக்கை இல்லை. கணக்கின் நடுவே பேசுவோரை நாடு கடத்தும் விதியை இன்றோடு நீக்கினோம். கேள்வி கேட்பவர்மேல் கை வைப்பவனே இனிக் குற்றவாளி. “கேட்டோம்” என்று சொல்லிவிட்டதனால் எந்தக் கணக்கும் மூடப்படாது. கணக்கைப் பாடலாகாது, பேசுகிற பேச்சில் படிக்கவேண்டும்; அதையும் மன்றத்தில் அல்ல, சாலைக்குள்ளே, பாய் பாயாக நடந்து, அந்தந்த நோயாளியின் காதருகே படித்து, பெற்றாயா என்று கேட்டு, அவன் சொன்ன பதிலோடு எழுதவேண்டும். மருத்துவரின் ஓலையும் களஞ்சியத்தின் ஓலையும் ஒத்துப்போகாத மாதத்தில், கொடையாளர் எவர் வந்து கேட்டாலும் இரண்டையும் அவர் கையில் கொடுக்கவேண்டும். நாம் தின்ற நெய்க்கும் சேர்த்து, நம் சொந்த நிலத்து வருவாயிலிருந்து நூற்று நாற்பது நாழி இந்த ஓலையின் பின்னே வண்டியில் வருகிறது. நீர் தரவேண்டியதை நீர் தருக.

வருகிற முழுமதியில் புதிய முறைப்படி முதற்கணக்கு படிக்கப்படும். இறந்த பதினொருவரின் பெயரும் அவர்கள் பெயரால் எடுத்த அளவும், எடுத்தவர் விடங்கன் என்றும், உண்டவர் வேளான் எழிற்கோ என்றும், உடன் உண்டவள் வானமங்கை என்றும் அதில் நம் கையால் எழுதியிருக்கிறோம். அந்த நெசவாளியின் மனைவிக்கும் வரச்சொல்லி ஆள் போயிருக்கிறது. நீர் கோட்டைக்குள் இருந்துவிடலாகாது. அவன் கிடந்த பாயின் அருகே நின்று கேட்க. அவள் என்ன கேட்டாலும் பதில் சொல்லவேண்டியவர் நீர். நாமும் அங்கே இருப்போம். உமக்காகப் பேசமாட்டோம்.

நம் கைப்பட எழுதி, வேங்கை முத்திரை இட்டு, குதிரை மாற்றிக்கொள்ள மூன்று இடங்களில் ஆள் நிறுத்தி விடுத்தது இவ்வோலை. செல்க, தடையின்றி. நிற்க இவ்வாணை, நமக்கும் சேர்த்து.