குடை செய்த சாமுராய்கள்

லில்லெஸ்ட்ரோமில் நேற்று ஒரு கலியாணம். சாப்பாடு முடிந்து வெளியே வரும் வழியில், ஒரு கிண்ணத்தில் பல்லுக் குத்தும் குச்சிகள் வைத்திருந்தார்கள். ஒன்றை எடுத்ததும் உன் நினைவு வந்தது, மச்சான். நீ கண்ணை மூடி இரண்டு பனிக்காலம் கடந்துவிட்டது.

நான் ஒஸ்லோவுக்கு வந்த புதிதில் ரொம்மனில் உன் வீட்டுக்கு அடிக்கடி வருவேன். வேலை இல்லை, பசி இருந்தது. "சாப்பிட்டியோ?" என்பாய். "ஓம், சாப்பிட்டுட்டுத்தான் வந்தனான்" என்பேன். எங்கள் ஊரவர் வேறு பதில் சொன்னதாக வரலாறு இல்லை. ஒருநாள் நீ எழுந்துபோய் ஒரு குச்சியைக் கொண்டுவந்து நீட்டினாய்.

"அப்ப இந்தா, பல்லைக் குத்து."

நானும் முகத்தை மாற்றாமல் குத்தினேன். உடனே நூலகத்தில் படித்த ஜப்பான் வரலாற்றைத் தொடங்கினாய்.

"சாமுராய் எண்டால் ஆளை வெட்டுறவன் எண்டோ நினைச்சனி? சண்டை ஓய்ஞ்ச காலத்திலை கனபேர் கிளாக்கர்மார், மச்சான்."

இடுப்பில் இரண்டு வாள். கடமையோ பிரபுவின் கோட்டையில் கணக்கு எழுதுவது. சம்பளம் அரிசி. சின்னச் சாமுராய்களுக்கு அது போதாது. வியாபாரம் செய்தால் மானம் போய்விடும். ஆகவே கதவைச் சாத்திக்கொண்டு குடை செய்தார்கள். பட்டினி கிடந்த நாளிலும் வாயில் குச்சியோடுதான் தெருவில் இறங்கினார்கள். எனக்கு அவர்கள்மேல் பெருமதிப்பு உண்டானது. அரசாங்க உத்தியோகத்தோடு வாளும் சேர்ந்தால் யாழ்ப்பாணத்தில் சீதனம் எங்கே போய் நின்றிருக்கும்.

பிறகு விஷயத்துக்கு வந்தாய். நீ வேலை செய்த டிப்போவில் பஸ் கழுவ ஆள் தேடினார்கள்.

"நான் ஊரிலை பாங்க் உத்தியோகத்திலை இருந்தனான்" என்றேன்.

"அவையளும் வாளோடை இருந்தவைதான். டிப்போவிலையும் கதவு இருக்கு. குளிருக்குச் சாத்தித்தான் வைச்சிருப்பாங்கள்." பிறகு சொன்னாய்: "வேலை இல்லாமல் உன்ரை மனுசியை ஸ்பொன்சர் பண்ணி இஞ்சை எடுக்க ஏலாது. அவள் கொழும்பிலை லொட்ஜிலை கிடக்கிறாள். யோசி."

யோசித்தேன். அதற்குள் உன் மனைவி, கேள்வி ஏதும் கேட்காமல், பிட்டைக் கொண்டுவந்து வைத்தார். யோசிப்பதற்கு அது பெரிதும் உதவியது.

என் மனைவிக்கு நான் 'போக்குவரத்துத் துறை' என்றுதான் சொல்லி வைத்திருந்தேன். அவள் வந்திறங்கிய அன்று விமான நிலையத்துக்கு நீயும் வந்தாய். "தங்கச்சி, இவன் பஸ் கழுவுறவன். நல்லாக் கழுவுவான்" என்றாய். நான் நிலத்தைப் பார்த்தேன். அவள் குளிரில் வெடித்திருந்த என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப வீட்டிலை கோப்பையும் கழுவுவியள்தானே?"

அன்று தொடங்கிய கடமை. இப்போது நாங்கள் இருக்கும் லோறென்ஸ்கூக் வீட்டில் பிள்ளைகள் அதற்கு ஒரு மெஷின் வாங்கிப் பூட்டியிருக்கிறார்கள். நல்ல மெஷின், அதற்குள் பெரிய சட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறோம். சாப்பாட்டுக்குப் பிறகு நான் கையால் கழுவ, அவள் பக்கத்தில் நின்று துடைத்தபடி அன்றைய கதையெல்லாம் சொல்வாள். இந்தப் பதவியை யாருக்கும் விட்டுக்கொடுக்கும் எண்ணம் எனக்கில்லை.