குழிக்கு மேலே ஒரு ஹாரன்

பிப்ரவரி 12

கழிவுநீர் பம்ப் ஹவுஸில் வயரிங் வேலை. விஷவாயுவை அளக்கும் அனலைசர் குழிக்குள். அது சொல்வதைச் சிவப்புக் கோடாகப் போடும் ரெக்கார்டர் தூரத்தில், ஆபீஸில், இன்ஜினியர் மனோகர் சார் மேஜைக்குப் பக்கத்தில். நடுவில் ஒயரும் நானும். ப்ளஸ் மைனஸை மாற்றிப் பூட்டிவிட்டேன். ரெக்கார்டர் பேனா பூஜ்யத்துக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டது. பெரிய அனுபவஸ்தன்!

வேலு எட்டிப் பார்த்தான். "இன்னாண்ணே, உன் மூஞ்சியப் பாத்ததும் காத்தே படுத்துக்கிச்சி?"

வேலு குழியில் இறங்குகிறவன். சட்டப்படி யாரும் இறங்கக் கூடாது. ஆகவே அவன் இறங்குவதில்லை, 'உள்ளே பார்த்துவிட்டு வருகிறான்'.

பிப்ரவரி 14

ஒயரைச் சரியாக மாற்றியாயிற்று. அனலைசரில் இன்னொரு ஜோடி முனை காலியாக இருக்கிறது. வாயு அளவு மீறினால் மணியடிக்க.

"அதுக்கு ஆர்டர் இல்லப்பா," என்றார் சார்.

அப்படியானால் வாயு ஏறுவது காகிதத்துக்குத் தெரியும். குழியில் இருப்பவனுக்கு? யோசிக்க வேண்டாம் என்றுதான் சாப்பிடப் போனேன். சாப்பிட்டுக்கொண்டே யோசித்தேன்.

பிப்ரவரி 17

ஆண்டர்சன்பேட்டை காயலான் கடையில் பழைய லாரி ஹாரன் ஒன்று கிடைத்தது. கடைக்காரன் தன் மருமகள் ஓடிப்போன கதையையும் சேர்த்துக் கொடுத்தான். கதைக்காகவே இன்னொரு தடவை போகலாம். ஹாரனை அந்தக் காலி முனையோடு இணைத்துக் குழிக்கு மேலே மாட்டினேன். யாரையும் கேட்கவில்லை.

"ஹாரன் அடிச்சா வழி வுடணுமாண்ணே?" என்றான் வேலு.

"மேல ஏறி வாடா, அது போதும்."

பிப்ரவரி 20

இன்று அடித்தது. குழியில் ஆளில்லை. பம்ப் ஓடியதும் சேறு கலங்கி வாயு ஏறியிருக்கிறது. நல்ல கருவி. நம்ம ஊர் தங்கச் சுரங்க ஊர் என்பதைத்தான் மறந்துவிட்டேன். ஷிப்ட் நேரமில்லாத நேரத்தில் சங்கு ஊதினால் இங்கே ஒரே அர்த்தம்: சுரங்க ஷாஃப்டில் யாரோ செத்துப்போய்விட்டான். சுரங்கத்தை மூடி இத்தனை வருஷமாகியும்!

சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய லைன் வீடுகளிலிருந்து பெண்கள் ஓடி வந்தார்கள். மங்கம்மா கையெல்லாம் மாவு. "யாருடா? எத்தினி பேருடா?" ஒருத்தரும் இல்லை என்றேன், நம்பவில்லை. ரெண்டு பேர் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். அவர்கள் வீட்டு ஆண்கள் காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போயிருந்தார்கள்! அங்கே சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும் சிரிப்பு வரவில்லை.

பிப்ரவரி 21

"ஊரைக் கூட்டவா உன்னை வெச்சோம்? கழட்டு," என்றார் சார்.

"ஒரு லைட்டாவது—"

"ஆர்டர்ல இல்லை."

கழற்றினேன்.

மார்ச் 5

வேலு செத்துப்போனான்.

மார்ச் 6

பம்பில் துணி சிக்கியிருக்கிறது. எடுக்க இறங்கியிருக்கிறான். சார் டீக்குப் போயிருந்தார். ஆபீஸில் பேனா செங்குத்தாக ஏறியிருக்கிறது, பார்க்க ஆளில்லாமல். நான் பூட்டிய ஒயர் இம்மி பிசகவில்லை.

ஒரு சத்தமும் இல்ல. யாரும் ஓடி வரல. கழட்டுன்னா கழட்டிடுவியாடா நீ? ஊர்க்கதை பேச மட்டும் வாயி இருக்குதே—

மார்ச் 11

விசாரணைக்கு வந்த அதிகாரி காகிதத்தைப் பிரித்துப் பார்த்தார். "ரெக்கார்டிங் ரொம்ப க்ளியரா இருக்கு. யார் வயரிங்?" மனோகர் சார் என்னைக் காட்டினார். பாராட்டுக் கிடைத்தது. ஹாரனைப் பற்றிச் சொன்னேன். எழுதிக்கொண்டதாகத் தெரியவில்லை.

ஏப்ரல் 22

குழிக்கு வேறு ஆள் வந்தாயிற்று. வேலுவின் மனைவி நாகம்மாவுக்கு ஆபீஸில் வேலை: பெருக்குவது, ரெக்கார்டரில் காகிதம் மாற்றுவது. சொல்லிக்கொடுக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். சீக்கிரம் பிடித்துக்கொண்டாள்.

"இந்த செவப்புக் கோடு இன்னாதுண்ணா?"

"குழில காத்து எப்பிடின்னு காட்டுது."

கோட்டின் மேல் விரலை வைத்தாள்.

"ஏறுச்சினா நான் யாருகிட்ட சொல்லணும்?"

மனோகர் சார் நாற்காலி காலியாக இருந்தது.

"கத்து," என்றேன்.

அவள் எழுந்து போய், குழிப் பக்கம் துருவேறி இறுகிக் கிடந்த ஜன்னலை இடித்து இடித்துத் திறந்தாள்.