பக்கத்து சீட் கதவு

மார்ச் 4, செவ்வாய்

எதிர்வீட்டு டீச்சர் இன்று கேட்டே விட்டார். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு செவ்வாயும் வெள்ளியும் ஆஸ்பத்திரிக்குக் கால் பயிற்சிக்குப் போகணுமாம். "உன் கார்ல கொண்டுபோய் விடுவியாம்மா?"

"கதவு சரியில்லை டீச்சர்" என்றேன். பொய்யில்லை. பக்கத்து சீட் கதவு தொங்கிப்போய் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறேன். ஆனாலும் அவர் முகம் வாடிப்போச்சு. இந்தத் தெருவில் என்னோடு நின்று பேசுகிற ஒரே ஆள்.

மார்ச் 6, வியாழன்

மெக்கானிக் கதவைத் தூக்கி ஆட்டிப் பார்த்தார். "கீல் ரெண்டும் தேஞ்சுபோச்சுக்கா. யாரோ கதவைப் பிடிச்சுத் தொங்கித் தொங்கி எழுந்திருக்காங்க."

யாரோவா! என் வீட்டுக்காரர்தான். கடைசி வருஷம் முழுக்க. நான் கை நீட்டினால் பிடிக்க மாட்டார், "நான் என்ன கிழவனா?" என்பார். மனுஷன் போய்ச் சேர்ந்தாச்சு, அவர் பாரம் மட்டும் அந்தக் கதவிலேயே இருக்கு. அதை எப்படி மாற்றுவது?

புதுக் கீலை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

மார்ச் 7, வெள்ளி

டீச்சர் டாக்சியில் ஏறப் பட்ட பாட்டை ஜன்னலில் நின்று பார்த்தேன். திரையை இழுத்துவிட்டேன். சே, என்ன ஜென்மம் நான்.

மார்ச் 9, ஞாயிறு

இன்னும் யோசித்தால் மனசு மாறிடும். என் வீட்டுக்காரருடைய ஸ்பானரை எடுத்துக்கொண்டு நானே இறங்கினேன். கதவுக்கு அடியில் ஜாக்கி, அதன்மேல் தலையணை. போல்ட்டெல்லாம் கழற்றிய பிறகுதான் உறைத்தது — பழைய கீல் இருந்த இடத்தைச் சுற்றிக் கோடு போட்டு வைக்கவில்லை. கொஞ்சம் தள்ளி மாட்டினாலும் கதவு மூடாது. புத்தி கெட்டவ!

கதவு சாய்ந்தது. அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாரைக் கூப்பிட? ஒரு பேர்கூட வாயில் வரலை. அழுகைதான் வந்தது. எங்க போய்த் தொலைஞ்சீங்க, இதையாவது வந்து பிடிங்களேன்...

டீச்சர்தான் வந்தார், ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு. "அழறதை அப்புறம் வெச்சுக்கோ. கதவை நான் தாங்கிக்கிறேன். ஓடிப்போய் எனக்கொரு நாற்காலி கொண்டா."

நாற்காலியில் உட்கார்ந்து, கதவைத் தோளில் சாய்த்துக்கொண்டு, மாணவியை மிரட்டுகிற குரலில் சொன்னார்: "கண்ணைத் தொடைச்சிட்டுப் பாரு. கீல் இருந்த இடத்துல மட்டும் பெயிண்ட் இல்லை. அச்சு அப்படியே தெரியுதே! அதுமேலயே வெச்சு முறுக்கு."

முறுக்கினேன். கதவு மூடியது.

பழைய கீல் ரெண்டையும் அலமாரியில் வைத்தேன். எடைக்குப் போட மனசு வரலை.

மார்ச் 11, செவ்வாய்

டீச்சருக்கு வழியெல்லாம் வாய் ஓயவில்லை. என் ஓட்டுதலில் நூறு குற்றம். காது வலிக்குது. வலிக்கட்டும்.

ஏப்ரல் 25, வெள்ளி

இனிமேல் பயிற்சி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். "ரொம்ப சந்தோஷம் டீச்சர்" என்றேன். சாப்பிடப் பிடிக்கலை.

ஏப்ரல் 29, செவ்வாய்

பழக்கதோஷம். அதே நேரத்துக்குச் சாவியோடு வெளியே வந்து நின்றேன். டீச்சர் காருக்குப் பக்கத்தில் நிற்கிறார், நல்ல புடவையில்.

"பயிற்சிதான் முடிஞ்சுபோச்சே டீச்சர்?"

"முழங்காலுக்கு முடிஞ்சுது. கதவைத் திற, எவ்வளவு நேரம் நிக்கறது? எங்க போறோம்?"